என்விடிஏ திடீரென்று பேசவில்லையா? திரைவாசிப்பானின் குரலை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

கணினியில் பாட்டு வரவில்லை என்றால் கண் தெரிந்தவர் திரையைப் பார்த்து நாலு இடத்தில் சொடுக்கிச் சரிசெய்துகொள்வார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானை நம்பி வேலை செய்பவருக்கு அந்த வசதி இல்லை. எதை வைத்துப் பழுதைத் தேட வேண்டுமோ, அதுவே பழுதாகிக் கிடக்கிறது. குரல் நின்றதும் பலர் பதறிப்போய்க் கைக்கு வந்த விசைகளையெல்லாம் அழுத்துவது இதனால்தான். ஒரு கோளாறு இருந்த இடத்தில் மூன்று சேர்ந்துகொள்கிறது.

குரல் வராததற்குக் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். திரைவாசிப்பானே ஓடவில்லை. அல்லது ஓடுகிறது, ஆனால் பேச்சு உருவாகவில்லை. அல்லது பேச்சு உருவாகிறது, ஸ்பீக்கர் வரை வந்துசேரவில்லை. எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு முன் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள். 'அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க' என்று யாராவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள். என் அனுபவத்தில் அது தேவைப்படுவது மிக அபூர்வம்.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது விண்டோஸ் 10 அல்லது 11, அதில் என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய இந்த இலவச மென்பொருளைத்தான் நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கிறோம். ஜாஸ், ஆர்க்கா என்ற மற்றத் திரைவாசிப்பான்களைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது. விசைகள் எல்லாம் டெஸ்க்டாப் அமைப்புக்கு உரியவை. கேப்ஸ்லாக்கை என்விடிஏ விசையாக வைத்திருப்பவர்கள் நான் இன்சர்ட் என்னும் இடத்தில் அதை அழுத்துங்கள். தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளைகளை எழுத்து எழுத்தாகக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். அவற்றை ஆங்கிலத்தில், இடையில் கோடு இல்லாமல் அடியுங்கள்.

## குரல் நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியவை

விண்டோஸோடு வரும் நரேட்டரை ஒருமுறை ஓட்டிப் பழகுங்கள். விண்டோஸ் + கன்ட்ரோல் + என்டர் அழுத்தினால் பேசும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அன்றாட வேலைக்கு எனக்கு அது ஒத்துவராது. ஆனால் என்விடிஏ வாயை மூடும் நாளில் அதைவிட உதவி வேறில்லை.

ஒரு யூஎஸ்பி ஹெட்செட் மேசை இழுப்பறையில் கிடக்கட்டும், மலிவானதாக இருந்தாலும் போதும். அதற்குள்ளேயே ஒலி அட்டை இருப்பதால், மதர்போர்டின் ஒலிப் பகுதியோ அதன் டிரைவரோ கெட்டுப்போனாலும் இது தனியாக வேலை செய்யும்.

மூன்றாவது, என்விடிஏவின் பொது அமைப்புகளில் 'வெளியேறும்போது அமைவடிவத்தைச் சேமி' என்ற பொருளில் ஒரு தேர்வுப் பெட்டி உண்டு. இயல்பாகவே அது குறியிடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்தபடி எல்லாவற்றையும் அமைத்து, இன்சர்ட் + கன்ட்ரோல் + சி அழுத்தி ஒருமுறை சேமியுங்கள். இனி தெரியாமல் குரலையோ வேகத்தையோ மாற்றிவிட்டாலும் என்விடிஏவை மறுபடி தொடங்கினால் போதும், பழையபடி வந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களின் கணினியில் நான் முதலில் செய்யும் வேலை இதுதான்.

2025.1 பதிப்பிலிருந்து ரிமோட் ஆக்சஸ் வசதி என்விடிஏவுக்குள்ளேயே வருகிறது. வேறு ஊரில் இருக்கும் நண்பர் தன் என்விடிஏ வழியாக உங்கள் கணினியை இயக்கலாம். உங்கள் கணினி சொல்ல வேண்டியதை அவருடைய கணினி, அவருடைய குரலில் பேசும். உங்கள் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தாலும் அவருக்குக் கேட்கும் என்பதுதான் இதில் விசேஷம். நம்பிக்கையான ஒருவரோடு முன்கூட்டியே இணைப்பை அமைத்துச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

## முதல் ஐந்து நிமிடம்: எந்த வகை மௌனம்?

பத்து விநாடி சும்மா இருங்கள். கணினி வேறு ஏதோ கனமான வேலையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்புறம் வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்.

1. கன்ட்ரோல் + ஆல்ட் + என் அழுத்துங்கள். என்விடிஏ உறைந்து நின்றிருந்தால் பழையது மூடிப் புதியது தொடங்கும். தொடங்கும்போது ஒரு சின்ன இசைத்துணுக்கு வரும். அது வந்ததா, அதற்குப் பின் பேச்சு வந்ததா என்று கவனியுங்கள்.

2. விண்டோஸ் + ஆர் அழுத்தி, வாய்க்கு வந்த எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். அப்படி ஒரு நிரல் இல்லை என்று விண்டோஸ் பிழைச்செய்தி காட்டும், கூடவே 'டங்' என்று ஒலிக்கும். இந்த ஒலிக்கும் என்விடிஏவுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு தடவை எஸ்கேப் தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

3. இன்சர்ட் + எஃப்12 அழுத்துங்கள். என்விடிஏ மணி சொல்ல வேண்டும்.

4. விண்டோஸ் + கன்ட்ரோல் + என்டர். நரேட்டர் பேசுகிறதா?

தொடக்க இசை வருகிறது, பேச்சு மட்டும் இல்லை என்றால் ஒலிப்பாதை நன்றாக இருக்கிறது, பேச்சு உருவாகும் இடத்தில்தான் சிக்கல். 'டங்'கும் நரேட்டரும் கேட்கின்றன, என்விடிஏவின் இசைகூட இல்லை என்றால், என்விடிஏ தொடங்கவே இல்லை அல்லது அதன் ஒலி வேறு சாதனத்துக்குப் போகிறது. எதுவுமே கேட்கவில்லை என்றால் என்விடிஏவை விட்டுவிடுங்கள், அதன்மேல் தப்பில்லை. அம்பு விசைக்குப் பதில் இல்லை, ஆனால் மணி கேட்டால் மட்டும் சொல்கிறது என்றால் அது தனி ரகம். விடை அடுத்த பகுதியில்.

சோதனை முடிந்ததும் நரேட்டரை நிறுத்திவிடுங்கள். இரண்டும் சேர்ந்து பேசினால் தலைவலிதான். இன்சர்ட், கேப்ஸ்லாக் இரண்டுக்கும் இரண்டுமே உரிமை கொண்டாடும் என்பதால் விசைகளும் குழம்பும்.

## இசை வருகிறது, பேச்சு வரவில்லை

முதல் சந்தேகம் இன்சர்ட் + எஸ். இது பேச்சு முறையை மாற்றும் விசை. அழுத்த அழுத்த நிறுத்தம், பீப் ஒலி மட்டும், பேச்சு, கேட்டால் மட்டும் பேசுவது என்று சுற்றிவரும். எதையோ தட்டும்போது கை தவறி இதில் பட்டிருக்கும். அம்பு விசைக்கு வெறும் பீப் வந்தால் பீப் முறை. மணி, சாளரத் தலைப்பு போன்ற கேள்விகளுக்கு மட்டும் பதில் வந்தால் 'கேட்டால் மட்டும்' முறை. 2024.1 பதிப்பில் இது சேர்ந்ததிலிருந்து, பழைய பயனர்கள்கூட 'என்விடிஏ பாதி செத்துப்போச்சு' என்று புலம்புவதைக் கேட்கிறேன். இன்சர்ட் + எஸ் விசையை மெதுவாக, ஒவ்வொரு தடவையும் ஒரு விநாடி விட்டு அழுத்தி, பேச்சு முறை வரும்வரை சுற்றுங்கள். இந்த நிலை சேமிக்கப்படுவதில்லை, அதனால் என்விடிஏவை மறுதொடக்கம் செய்தாலும் சரியாகிவிடும்.

குறிப்பிட்ட ஒரு செயலியில் மட்டும் மௌனம், ஆல்ட் + டேப் அடித்து வெளியே வந்தால் பேசுகிறது என்றால் உறக்க முறை. இன்சர்ட் + ஷிஃப்ட் + எஸ் அதை அந்தச் செயலிக்கு மட்டும் போடும், எடுக்கும். லேப்டாப் அமைப்பில் எஸ்ஸுக்குப் பதில் இசட். மேலே சொன்ன விசையோடு ஒரு ஷிஃப்ட்தான் வித்தியாசம் என்பதால் இதுவும் கைதவறுதலில் வருவது சகஜம்.

அடுத்து பேச்சொலிப்பான், அதாவது எழுத்தை ஒலியாக்கும் பகுதி. இன்சர்ட் + கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் அதைத் தேர்ந்தெடுக்கும் சாளரம் திறக்கும். அந்தப் பட்டியலில் 'பேச்சு இல்லை' என்றும் ஒன்று இருக்கிறது. அதில் போய் உட்கார்ந்துவிட்டால் குரல் வராது. சத்தமே இல்லாமல் இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. சாளரம் திறந்ததும் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டி என்டர் அடியுங்கள். ஈஸ்பீக் என்ஜி தேர்வாகிவிடும். என்விடிஏவுக்குள்ளேயே பொதிந்து வருவதால் ஈஸ்பீக் விண்டோஸ் குரல்களின் தயவில் இல்லை, விண்டோஸ் குரல் கோப்பு கெட்டுப்போனாலும் அது பேசும். இயந்திரத்தனமான குரல்தான், முதல்முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் அவசரத்துக்கு நம்ப வேண்டியது அதைத்தான்.

பேச்சின் ஒலியளவு பூஜ்யத்துக்குப் போயிருக்கலாம். வேகம் நூறைத் தொட்டு, பேச்சு வெறும் 'கிர்ர்' என்று கேட்கலாம். இன்சர்ட் + கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இட வல அம்புகளால் வேகம், ஒலியளவு, சுருதி என்று தேடி, மேல் கீழ் அம்புகளால் கூட்டிக் குறைக்கலாம். ஒன்றும் கேட்காத நிலையில் இதைச் செய்வது கஷ்டம். அப்போது இன்சர்ட் + கன்ட்ரோல் + ஆர். ஒருமுறை அழுத்தினால் கடைசியாகச் சேமித்த அமைப்புக்குத் திரும்பும். மூன்று முறை விரைவாக அழுத்தினால் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். மூன்றை எடுத்த எடுப்பில் பயன்படுத்தாதீர்கள், உங்கள் சொந்த அமைப்புகள் எல்லாம் போய்விடும்.

துணைநிரல்களும், அதாவது என்விடிஏவோடு நாம் சேர்த்துப் போடும் சிறு நிரல்களும், குரலைக் கெடுக்கும், குறிப்பாக என்விடிஏவைப் புதிய பதிப்புக்கு மாற்றிய கையோடு. இன்சர்ட் + கியூ அழுத்தினால் வரும் சாளரத்தில் 'துணைநிரல்கள் இல்லாமல் மறுதொடக்கம்' என்ற தெரிவு இருக்கிறது. அப்படித் தொடங்கியதும் பேசினால், குற்றவாளி துணைநிரல்தான். ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் நரேட்டரை வைத்து ஒரு வேலை செய்யலாம். விண்டோஸ் + ஆர், அதில் என்-வி-டி-ஏ, இடைவெளி, சிறுகோடு, கியூ (nvda -q) என்று அடித்து என்டர். என்விடிஏ மூடிவிடும். மறுபடி விண்டோஸ் + ஆர், சதவீதக் குறி, ஏ-பி-பி-டி-ஏ-டி-ஏ, சதவீதக் குறி (%appdata%), என்டர். திறக்கும் இடத்தில் என்விடிஏ என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். எஃப்2 தட்டி அதன் பெயரை மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். பிறகு என்விடிஏவைத் தொடங்கினால் புத்தம் புதிதாக நிறுவியதுபோல் வரும். பழைய கோப்புறை பத்திரமாக இருப்பதால் பிற்பாடு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

## நரேட்டர் பேசுகிறது, என்விடிஏவின் இசைகூட வரவில்லை

விண்டோஸ் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி ஒலியளவு வைத்திருக்கிறது. என்விடிஏ மட்டும் அதில் மியூட் ஆகியிருக்கலாம். விண்டோஸ் + ஆர், எஸ்-என்-டி-வி-ஓ-எல் (sndvol), என்டர் என்றால் வால்யூம் மிக்ஸர் திறக்கும். டேப் அடித்துக்கொண்டே போனால் என்விடிஏவின் அளவுகோல் வரும், பக்கத்திலேயே மியூட் பொத்தானும் இருக்கும். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், வால்யூம் மிக்ஸர் என்று போனால் ஒரு ரீசெட் பொத்தான் கிடைக்கும். எல்லாச் செயலிகளின் ஒலியளவையும் சாதனத் தேர்வையும் அது ஒரே அடியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நான் நேரே அதைத்தான் அழுத்துவேன்.

இன்னொன்று, என்விடிஏவுக்கென்று தனியாக ஒலி வெளியேறும் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பீர்கள். புதிய பதிப்புகளில் இன்சர்ட் + கன்ட்ரோல் + யூ அழுத்தினால் ஒலி அமைப்புகள் வரும், முதலில் இருப்பதே அந்தத் தேர்வுதான். தனிக் காரணம் எதுவும் இல்லாவிட்டால் அதை விண்டோஸின் இயல்பான சாதனத்திலேயே விட்டுவையுங்கள்.

அதே பக்கத்தில் ஒலிப் பிரிப்பு என்றொரு வசதி 2024.2இலிருந்து இருக்கிறது. இன்சர்ட் + ஆல்ட் + எஸ் அழுத்தினால் என்விடிஏ ஒரு காதிலும் மற்ற நிரல்கள் இன்னொரு காதிலும் கேட்கும். மாநாட்டு அழைப்புகளில் அருமையான வசதி. ஆனால் இயர்ஃபோனின் இடப்பக்கக் கம்பி அறுந்திருந்து, இந்த விசை தவறிப் பட்டுவிட்டால், பாட்டு கேட்கும், என்விடிஏ கேட்காது! இதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரே காதில் கேட்பவர்கள் விண்டோஸின் அணுகல் அமைப்புகளில் ஆடியோ பகுதிக்குப் போய் மோனோ ஆடியோவைப் போட்டுக்கொள்வது நல்லது.

## எதுவுமே கேட்கவில்லை

முதலில் கையால் தடவிப் பாருங்கள். ஸ்பீக்கரின் மின்சுவிட்ச், ஒலியளவுத் திருகு, கேபிள். மேசைக் கணினியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒலித் துளைகள் இருக்கும். கடையில் பொருத்தித் தரும்போது முன்பக்கத் துளைக்கான உள் இணைப்பைப் போடாமலே விட்டுவிடுவதும் உண்டு. அதனால் பின்பக்கத்தில் சொருகிப் பாருங்கள். பின்பக்கத்தில் வழக்கமாக மூன்று துளைகள் ஒன்றாக இருக்கும். பச்சைதான் ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொண்டுவர. நிறம் தெரியாதவர்கள் மூன்றிலும் மாறி மாறிச் சொருகிப் பார்க்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது. சொருகியதும் சில கணினிகளில் 'என்ன சாதனம் இது?' என்று ஒலி டிரைவர் ஒரு சின்னச் சாளரத்தைக் காட்டி அங்கேயே நிற்கும். ஒரு தடவை என்டர் தட்டிப் பாருங்கள்.

இப்போது இழுப்பறையில் இருக்கும் யூஎஸ்பி ஹெட்செட்டை எடுத்துச் சொருகுங்கள். பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே ஒலியை அதற்கு மாற்றிவிடும். குரல் வந்துவிட்டால் மீதி வேலையை நிதானமாகப் பார்க்கலாம்.

மேசைக் கணினியில் நான் அடிக்கடி பார்ப்பது மானிட்டர் விவகாரம். எச்டிஎம்ஐ கேபிளில் படத்தோடு ஒலியும் போகும். புது மானிட்டர் மாட்டியதும், அல்லது ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, ஒலி வெளியேறும் சாதனமாக மானிட்டர் ஆகிவிடுகிறது. மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லை. கணினியைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக ஒலிக்கிறது, பிழைச்செய்திகூட வராது. எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றினாலே சோதித்துவிடலாம். நமக்குத் திரை அவசியமில்லை என்பது இந்த ஒரு விஷயத்தில் சௌகரியம். கழற்றியதும் ஒலி திரும்பினால், விண்டோஸ் + ஆர், எம்-எம்-எஸ்-ஒய்-எஸ் புள்ளி சி-பி-எல் (mmsys.cpl) அடித்து, பிளேபேக் பட்டியலில் உங்கள் ஸ்பீக்கருக்குப் போய் 'செட் டிஃபால்ட்' பொத்தானை அழுத்துங்கள். இனி மானிட்டரை மாட்டலாம். மறுபடி அடம்பிடித்தால் அதே பட்டியலில் மானிட்டரின்மேல் ஷிஃப்ட் + எஃப்10 தட்டி டிசேபிள் செய்துவிடுங்கள்.

ஒலிச்சேவை உறைந்துபோனால் அதை மட்டும் நிறுத்தித் தொடங்கலாம். விண்டோஸ் + ஆர், சி-எம்-டி (cmd) அடித்து, என்டருக்குப் பதில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + என்டர். அனுமதி கேட்கும், ஆங்கில விண்டோஸில் ஆல்ட் + ஒய். பிறகு என்-ஈ-டி இடைவெளி எஸ்-டி-ஓ-பி இடைவெளி ஏ-யூ-டி-ஐ-ஓ-எஸ்-ஆர்-வி இடைவெளி சாய்கோடு ஒய் (net stop audiosrv /y), என்டர். அடுத்த வரியில் அதையே, நடுவில் எஸ்-டி-ஓ-பி இருந்த இடத்தில் எஸ்-டி-ஏ-ஆர்-டி என்று மாற்றி, கடைசிச் சாய்கோடும் ஒய்யும் இல்லாமல் (net start audiosrv).

இதெல்லாம் இருட்டில் செய்ய வேண்டாம் என்று தோன்றினால் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது போதாது. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியால் ஷட்டவுனில் கணினியின் உள்நிலை உறக்கத்தில் சேமிக்கப்பட்டு, கெட்ட டிரைவர் நிலையும் அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாக ஏறும். விண்டோஸ் + ஆர், எஸ்-எச்-யூ-டி-டி-ஓ-டபிள்யூ-என் இடைவெளி சாய்கோடு ஆர் இடைவெளி சாய்கோடு டி இடைவெளி 0 (shutdown /r /t 0), என்டர். சேமிக்காத கோப்புகள் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

அதன்பிறகும் வரவில்லை என்றால் டிரைவர். யூஎஸ்பி ஹெட்செட்டின் உதவியோடு டி-ஈ-வி-எம்-ஜி-எம்-டி புள்ளி எம்-எஸ்-சி (devmgmt.msc) திறந்து, சவுண்ட், வீடியோ, கேம் கன்ட்ரோலர் பிரிவில் உங்கள் ஒலிச் சாதனத்தை டெலிட் விசையால் நீக்கி, ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் தானே மறுபடி நிறுவும். டிரைவர் கோப்பையும் நீக்கவா என்று கேட்கும் பெட்டியைக் குறியிடாதீர்கள்.

ஹெட்செட்டும் இல்லை, நரேட்டரும் இல்லை என்றால் கைப்பேசியை எடுங்கள். பீ மை ஐஸ் செயலியின் வழியே ஒரு தன்னார்வலரிடம் கேமராவைத் திரைப்பக்கம் காட்டினால் என்ன நிற்கிறது என்று சொல்வார். கடவுச்சொல், வங்கிக் கணக்கு ஏதாவது திரையில் திறந்திருக்குமோ என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

## பேசுகிறது, ஆனால் அரைகுறையாக

'ஆவணங்கள்' என்பது 'ணங்கள்' என்று கேட்கிறதா? ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் அசை விழுங்கப்படுகிறதா? புளூடூத், யூஎஸ்பி, எச்டிஎம்ஐ சாதனங்கள் ஒலி இல்லாத நேரத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க உறங்கிவிடும். விழித்தெழுவதற்குள் முதல் அசை போய்விடுகிறது. பாட்டு கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது, அம்பு விசையை விட்டு விட்டுத் தட்டும் நமக்குத்தான் தொல்லை. என்விடிஏவின் ஒலி அமைப்புகளில், பேசி முடித்த பிறகு சாதனத்தை எத்தனை விநாடி விழித்திருக்க வைப்பது என்று ஓர் எண் இருக்கிறது. இயல்பாக 30. யாராவது அதைக் குறைத்திருந்தால் திரும்ப 30 ஆக்குங்கள். அப்போதும் வெட்டுகிறது என்றால் கம்பி வைத்த இயர்ஃபோனுக்கு மாறுவதுதான் வழி. தட்டச்சு செய்பவர்களுக்கு நான் புளூடூத்தைச் சிபாரிசு செய்வதே இல்லை, விசைக்கும் குரலுக்கும் இடையில் வரும் தாமதம் வேலையைக் கெடுக்கும்.

புளூடூத் ஹெட்செட் போட்டு ஜூம் கூட்டத்தில் சேர்ந்ததும் குரல் பழைய தொலைபேசியில் பேசுவதுபோல் மங்கினால், காரணம் மைக். பல ஹெட்செட்களால் நல்ல தரத்தில் ஒலிப்பதையும் மைக்கையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மைக் திறந்ததும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். ஜூமில் மைக்காக வேறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், குரல் தெளிந்துவிடும்.

அழைப்பு வந்ததும் என்விடிஏ கிணற்றுக்குள் போனதுபோல் ஆவது வேறு. அழைப்பு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பது விண்டோஸின் இயல்பு. மேலே சொன்ன அதே எம்-எம்-எஸ்-ஒய்-எஸ் சாளரத்தில் கம்யூனிகேஷன்ஸ் தாவலுக்குப் போய் 'டூ நத்திங்' தேர்ந்தெடுங்கள். இதற்கு நேர்மாறாக, என்விடிஏ பேசும்போதெல்லாம் பாட்டு தணிகிறது என்றால் அது என்விடிஏவே செய்வது. இன்சர்ட் + ஷிஃப்ட் + டி அதை மாற்றும்.

## ஆங்கிலம் படிக்கிறது, தமிழ் வந்ததும் ஊமையாகிறது

நம் ஆட்கள் என்னிடம் கேட்பதில் பாதி இதுதான். ஒலியில் பழுது இல்லை, குரலுக்குத் தமிழ் தெரியவில்லை. ஆங்கிலக் குரலிடம் தமிழ் வரியைக் கொடுத்தால் சில குரல்கள் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும், சில ஒவ்வோர் எழுத்தாக ஏதோ எண்ணை ஒப்பிக்கும். ஆங்கிலமும் தமிழும் கலந்த செய்தியில் ஆங்கிலச் சொற்கள் மட்டும் துண்டு துண்டாகக் கேட்பதும் இதே காரணத்தால்தான்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ், ஸ்பீச் என்று போங்கள். ஆட் வாய்சஸ் பொத்தானை அழுத்தி தமிழைத் தேடி நிறுவுங்கள். இணையம் வேண்டும், முடியும்வரை காத்திருங்கள். என்விடிஏவை மறுதொடக்கம் செய்து, இன்சர்ட் + கன்ட்ரோல் + எஸ் வழியாக விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்தெடுத்து, பிறகு இன்சர்ட் + கன்ட்ரோல் + வி அழுத்திக் குரல் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் வள்ளுவரைப் பிடியுங்கள். ஆங்கிலச் சொற்களையும் அவர் தம் பாணியில் வாசித்துவிடுவார். மெதுவாகப் பேசுகிறார் என்று தோன்றினால் அதே பக்கத்தில் வேக உயர்த்தியைக் குறியிடுங்கள். ஈஸ்பீக்கிலும் தமிழ் உண்டு, அதற்குத் தனியாக எதையும் இறக்க வேண்டாம். நீளமான கட்டுரைக்கு வள்ளுவர், அதிவேகத்தில் கோப்புகளைத் துழாவ ஈஸ்பீக் என்பது என் கட்சி.

வள்ளுவரைப் போட்ட பிறகும் சில இணையதளங்களில் மட்டும் தமிழ் வாசிக்கப்படாமல் போகலாம். பக்கத்தின் நிரலில் 'இது எந்த மொழி' என்று ஒரு குறிப்பு இருக்கும். தமிழ்த் தளம் கட்டியவர் வாங்கிய வார்ப்புருவில் ஆங்கிலம் என்று இருந்ததை மாற்றாமலே விட்டிருப்பார். என்விடிஏ அந்தக் குறிப்பை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறும். ஆங்கிலக் குரல் தமிழைப் பார்த்து வாயடைத்து நிற்கும். பேச்சு அமைப்புகளில் 'தானாக மொழி மாறுதல்' பெட்டியின் குறியை எடுத்துவிட்டால், பக்கம் என்ன சொன்னாலும் வள்ளுவரே படிப்பார். இதைச் செய்த அன்றிலிருந்து தமிழ்ச் செய்தித் தளங்கள் பாதிக்குமேல் பேசத் தொடங்கிவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு.

அடுத்தது பழைய எழுத்துருக்கள். பாமினியில் அடித்த வேர்டு கோப்பில் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். என்விடிஏ அதைத்தான் படிக்கும். எந்தக் குரலைப் போட்டாலும் பயனில்லை, கோப்பை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. என்ன எழுத்துரு என்று தெரிய, அந்த வரியில் நின்று இன்சர்ட் + எஃப் அழுத்துங்கள், என்விடிஏ பெயரைச் சொல்லும். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்16 குறிமுறையும் நமக்குச் சிக்கல்தான். அதன் எழுத்துகள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருப்பதால் பேச்சொலிப்பான்களுக்கு அவை வெறும் அடையாளமற்ற குறிகள். அதையும் மாற்றித்தான் படிக்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் உள்ளே எழுத்தே இல்லை, படம்தான். அதற்கு ஒளிவழி எழுத்துணரி வேண்டும், இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

சொல் கேட்கிறது, உச்சரிப்புதான் கோணல் என்றால் என்விடிஏ பட்டியலில் விருப்பங்களுக்குக் கீழே பேச்சு அகராதிகள் இருக்கின்றன. 'கி.மீ.' என்பதை 'கிலோமீட்டர்' என்று படிக்கச் சொல்லி ஒருமுறை எழுதிவைத்தால் போதும்.

## ஒரே ஒரு திரையில் மட்டும் மௌனம்

கடவுச்சொல் கேட்கும் திரையில் என்விடிஏ பேசவில்லை அல்லது அங்கே மட்டும் வேறு குரலில் பேசுகிறது என்றால், பொது அமைப்புகளைப் பாருங்கள். உள்நுழையும்போது என்விடிஏவைப் பயன்படுத்தும் தெரிவும், இப்போது சேமித்துள்ள அமைப்புகளை அந்தத் திரைக்கும் அனுப்பும் பொத்தானும் அங்கே இருக்கின்றன. நீங்கள் செய்த மாற்றம் தானாக அங்கே போகாது, இந்தப் பொத்தானை அழுத்தினால்தான் போகும். பென்டிரைவில் எடுத்துப்போகும் என்விடிஏ நிர்வாகி அனுமதி கேட்கும் திரையைப் படிக்காது. அது பழுதல்ல, நிறுவிய என்விடிஏவுக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. ஒரு செயலியில் மட்டும் குரல் மாறுகிறது என்றால் இன்சர்ட் + கன்ட்ரோல் + பி அழுத்தி, அந்தச் செயலிக்கென்று தனி அமைவடிவம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

## ஜாஸ், ஆர்க்கா

ஜாஸில் கைதவறி அழுத்தப்படுவது இன்சர்ட் + ஸ்பேஸ், அப்புறம் எஸ். மறுபடி அதையே அழுத்தினால் பேச்சு திரும்பும். மற்றபடி ஒலிப்பாதை பற்றி மேலே சொன்னவை அத்தனையும் ஜாஸுக்கும் பொருந்தும்.

லினக்ஸில், க்னோம் மேசைத்தளத்தில் ஆல்ட் + சூப்பர் (விண்டோஸ் விசை) + எஸ் ஆர்க்காவை நிறுத்தித் தொடங்கும். ஆர்க்கா தானாகப் பேசுவதில்லை, ஸ்பீச் டிஸ்பேச்சர் என்ற இடைத்தரகரிடம் கொடுக்கிறது. டெர்மினலில் எஸ்-பி-டி சிறுகோடு எஸ்-ஏ-ஒய் (spd-say), ஓர் இடைவெளி, ஏதாவது ஒரு சொல் அடித்து என்டர் தட்டுங்கள். குரல் வந்தால் தப்பு ஆர்க்காவில், வராவிட்டால் டிஸ்பேச்சரிலோ அதற்குக் கீழே உள்ள ஒலிச்சேவையான பைப்வயரிலோ.

## உதவி கேட்கும்போது பதிவுக்கோப்பையும் அனுப்புங்கள்

'என்விடிஏ பேசல, என்ன செய்யறது?' என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. விண்டோஸ் பதிப்பு, என்விடிஏ பதிப்பு, பேச்சொலிப்பான், ஒலிச் சாதனம், மேலே சொன்ன நாலு சோதனைகளில் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று எழுதுங்கள். கூடவே பதிவுக்கோப்பு, அதாவது என்விடிஏ தான் செய்வதைக் குறித்துவைக்கும் லாக். இன்சர்ட் + எஃப்1 அதைத் திறந்து காட்டும். என்விடிஏ மூடிக்கொண்டுவிட்டால் விண்டோஸ் + ஆர், சதவீதக் குறி, டி-ஈ-எம்-பி, சதவீதக் குறி (%temp%) என்று அடித்தால் வரும் கோப்புறையில் என்விடிஏ டாட் லாக் இருக்கும். என்விடிஏவை மறுபடி தொடங்கியதும் பழைய பதிவு 'ஓல்டு' என்ற பெயரோடு தள்ளிவைக்கப்படும், இன்னொரு முறை தொடங்கினால் அதுவும் போய்விடும். அதனால் கோளாறு நடந்த உடனே வேறு இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். இன்சர்ட் + கியூ சாளரத்தில் பிழைத்திருத்தப் பதிவோடு மறுதொடக்கம் செய்யும் தெரிவும் உண்டு, விவரம் அதில் அதிகம். ஆனால் நீங்கள் தட்டிய விசைகளும் கேட்ட வரிகளும் அந்தப் பதிவில் இருக்கும். யாருக்கும் அனுப்புவதற்கு முன் முழுக்க ஒருமுறை படித்து, சொந்த விவரங்கள் இருந்தால் நீக்கிவிடுங்கள்.